தாள்ல இல்லாததைச் செய்ய ஏலுமா?

சாச்சியின் இளைய மகன் ஒரு மதிலுக்கு முன்னால் பத்து நிமிசம் நின்றுகொண்டிருந்தான். நிஜ மதில் இல்லை. எங்கட வீட்டு ஹோலில் பாய் விரித்து உட்கார்ந்து, நாங்கள் வாயால் கட்டிய மதில். அவனுடைய பாத்திரம் ஒரு போர்வீரன். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வியாபாரியின் ஸ்டோர், அதற்குள் அவன் தேடி வந்த கடிதம். "இப்ப என்ன செய்யப்போறாய்?" என்று கேட்டேன். கையிலிருந்த தாளை மேலிருந்து கீழாக வாசித்தான். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். பிறகு சொன்னான்: "ஏலா ராத்தா. என்ட தாள்ல மதில் ஏறுறது எண்டு ஒண்டும் இல்லையே."

எங்கள் பின்வளவு மதிலில் ஏறி மாங்காய் பறித்து, மாதத்துக்கு ஒரு தரமாவது உம்மாவிடம் ஏச்சு வாங்குகிறவன் இவன்.

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் பார்த்தவர்களுக்கு இந்த விளையாட்டைத் தெரிந்திருக்கும். முதல் எபிசோடிலேயே நாலு பையன்கள் மேசையைச் சுற்றி இருந்து கத்திக்கொண்டு விளையாடுவார்களே, அதுதான் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். ஊர், காடு, காவல்காரன், கடைக்காரன் எல்லாம் அவர் வாயால் வரும். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "நான் இதைச் செய்யிறன்" என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் தாயக்கட்டை உருட்டுவார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் இருக்கும், அந்தப் பாத்திரத்துக்கு என்னென்ன ஏலும் என்ற பட்டியலோடு. கெரி கைகக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய இந்த விளையாட்டு 1974இல் அமெரிக்காவின் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து வெளிவந்தது. முதல் அச்சு 1,000 பெட்டிகள்தான்.

இதைப்பற்றி ஆங்கிலத்தில் நடக்கும் சண்டைகளை வாசித்தால் இரண்டு கட்சி இருப்பது தெரியும். விதியும் திறன் பட்டியலும் கற்பனையைக் கொல்கிறது என்பது ஒரு கட்சி. விதி இல்லாவிட்டால் அது விளையாட்டே இல்லை என்பது மற்றக் கட்சி. நான் நாலு வருசத்துக்குள் இரண்டு கட்சியிலும் இருந்து பார்த்துவிட்டேன். இரண்டிலும் இருந்து வெளியே வந்த கதைதான் இது.

நாங்கள் தொடங்கியது விதியே இல்லாமல். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போன நாட்கள் ஞாபகம் இருக்கும். ஃபோனில் சார்ஜ் இல்லை, ஃபேன் இல்லை, மெழுகுதிரி விலை ஏறிப்போய் இருந்தது. சாச்சியின் இரண்டு மகன்மாரும் எங்கள் வீட்டில்தான் இரவு நிற்பார்கள். காக்கா, தங்கச்சி, நான், அவர்கள் இருவர், மொத்தம் அஞ்சு பேர். நான் வீடியோவில் பார்த்ததை வைத்து, "நான் கதை சொல்றன், நீங்க என்ன செய்யிறண்டு சொல்லுங்க" என்றேன். அவ்வளவுதான் விதி.

முதல் இரவே காக்காட பாத்திரம் பறந்தது. இரண்டாம் இரவு ராசாவாகிவிட்டது. அவன் கெட்டவன் இல்லை, நல்லாகக் கதை சொல்லுவான், அவன் சொன்னால் எல்லாரும் சிரிப்போம். ஆனால் மூன்று இரவும் தங்கச்சி பேசிய வசனம் ஒன்றே ஒன்றுதான்: "நானும் அவங்களோட போறன்." நடுவே ஒரு தரம் அவள் எதையோ சொல்ல வாய் திறந்தாள். காக்கா, "அது சரிவராது, நான் ஏற்கெனவே கதவ உடைச்சிட்டன்" என்றான். முடிந்தது.

விதி இல்லாவிட்டால் கற்பனை சுதந்திரமாக இருக்கும் என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வீட்டில் காக்காவாக இருந்தவர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் கட்டுப்பாடில்லாத கற்பனை என்பது காக்காட கற்பனை. குரல் பெரியவர், வயது மூத்தவர், சபைக் கூச்சம் இல்லாதவர், இவர்களுக்குத்தான் வெறும் தாள் பிடிக்கும்.

அதனால் விதிப் புத்தகம் தேடினேன். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 400 பக்கத்துக்கு மேல் இலவசமாகவே கிடைக்கிறது. இறக்கி வைத்துக்கொண்டு உம்மாவிடம் விளக்கப் போனால் இரண்டு தடை வந்தது. ஒன்று, தாயக்கட்டை வீட்டுக்குள்ள வரக்கூடாது. இரண்டு, மந்திரம் சூனியம் என்று ஒரு பேச்சும் கூடாது. (தாயக்கட்டை பற்றி மார்க்கத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். நான் இங்கே ஃபத்வா கொடுக்க வரவில்லை. உம்மாட வீடு, உம்மாட சட்டம்.) தாயக்கட்டைக்குப் பதிலாக 1 முதல் 20 வரை எழுதிய துண்டுகளைப் பால்மா டின்னில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். உம்மா அதையும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தா, ஆனால் விட்டுவிட்டா. மந்திரத்தை வெட்டினால் என்ன மிஞ்சும்? அந்தப் புத்தகத்தில் பாத்திர வகை 12. அதில் எட்டு வகை மந்திரம் போடும். மிச்சம் நாலு: முரட்டு வீரன், போர்வீரன், வெறுங்கையால் சண்டை பிடிக்கும் துறவி, கள்வன்.

தங்கச்சி கள்வனை எடுத்தாள். அவளைப்போல ஒரு பிள்ளை அதை எடுத்ததே எங்களுக்குச் சிரிப்பு. அடுத்த இரவு ஒரு சண்டையில் அவள், "நான் பின்னால போய் அடிக்கிறன்" என்றாள். காக்கா வழக்கம்போல, "அது நடக்காது" என்றான். அவள் ஒன்றும் பேசவில்லை. தாளைத் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்து அவனுக்கு முன்னால் தள்ளினாள். "எழுதி இரிக்கி" என்றாள்.

காக்கா வாசித்தான். வாசித்துவிட்டு, "ஓம், சரிதான்" என்றான்.

எழுதி வைத்த திறன் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. வெட்கப்படுகிற பிள்ளைக்கு அது ஒரு உறுதிப் பத்திரம் மாதிரி. யாருடைய அனுமதியும் வேண்டாம், யாரையும் விடச் சத்தமாகப் பேசவும் வேண்டாம். அந்த வரியை எழுதினவன் எங்கேயோ அமெரிக்காவில் இருக்கிறான், தங்கச்சியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் அவள் பக்கம் நின்றான். அந்த மாதம் முழுக்க நான் விதிக்கட்சிதான்.

பிறகுதான் மதில் வந்தது.

உண்மையில் புத்தகப்படி யாரும் மதில் ஏறலாம். டின்னில் கைவிட்டு ஒரு துண்டு எடுத்தால் போதும். யாரும் தடுக்கவில்லை. ஆனால் தாளில் தடித்த எழுத்தில் நாலு திறன் இருக்கும்போது அந்த நாலும்தான் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிகிறது. அவன் ஃப்ரீ ஃபயர் விளையாடி வந்தவன். பட்டன் இல்லை என்றால் வேலை இல்லை. 2023இல் வந்த போல்டர்ஸ் கேட் 3 இதே ஐந்தாம் பதிப்பு விதிகளை வைத்துச் செய்த கம்பியூட்டர் கேம்தான். அதில் திரையில் இல்லாததைச் செய்யவே ஏலாது, அது நியாயம்தான், கம்பியூட்டரிடம் போய் "எனக்கு ஒரு யோசனை இரிக்கி" என்று சொல்ல முடியாது. ஆனால் பாயில் அவனுக்கு முன்னால் இருந்தது நான். என்னிடம் சொல்லியிருக்கலாம்.

இது எங்கட தம்பியின் பிழை மட்டும் இல்லை. இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே இதே மதில் இருக்கிறது. 1974 பெட்டியில் பாத்திர வகை மூன்றுதான்: சண்டைக்காரன், மந்திரவாதி, மதகுரு. கள்வன் இல்லை. அப்போது பதுங்கிப் போக வேண்டும் என்றால் யாரும் பதுங்கலாம். எப்படிப் பதுங்குகிறாய், காலில் செருப்பு இருக்கிறதா, விளக்கை அணைத்தாயா என்று நடத்துகிறவர் கேட்பார், நீங்கள் சொல்வீர்கள். 1975இல் கிரேஹோக் என்ற இணைப்புப் புத்தகத்தில் கள்வன் வந்தான். பூட்டுத் திறக்க, சத்தமில்லாமல் நடக்க, நிழலில் ஒளிய நூற்றுக்கு இவ்வளவு என்று அவனுக்கு மட்டும் கணக்கு. எல்லாருக்கும் கேள்வி வந்தது: அப்படியென்றால் மற்றவர்களுக்கு? ஐம்பது வருசமாகியும் பழைய ஆட்கள் அதைப் பற்றி வாதிக்கிறார்கள். ஒருவனுக்கு ஏலும் என்று எழுதிய உடனே, மிச்சப் பேருக்கு ஏலா என்று யாரும் எழுதாமலே எழுதியாயிற்று.

தங்கச்சிக்கு உறுதிப் பத்திரமாக இருந்த அதே தாள்தான் தம்பிக்கு மதில்.

இதற்கு ஒரு பழைய மருந்து உண்டு. இந்த விளையாட்டுகளின் மூத்தப்பா என்று சொல்லத்தக்கது பிரஷ்ய இராணுவத்தின் போர் விளையாட்டு, கிரீக்ஸ்பீல். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி அதைக் கொண்டுவந்தபோது அட்டவணை, கணக்கு, தாயக்கட்டை எல்லாம் இருந்தது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற இன்னொரு அதிகாரி, இவ்வளவு கணக்குத் தேவையில்லை, அனுபவமுள்ள ஒரு நடுவர் தீர்ப்புச் சொன்னால் போதும் என்றார். இன்றைக்கும் விதி குறைந்த ஆட்டத்தை விரும்புகிறவர்கள் இந்த வழியில்தான் வருகிறார்கள். நல்ல யோசனை. ஆனால் அங்கே நடுவர் போர்க்களம் கண்ட அதிகாரி. எங்கள் வீட்டில் நடுவர் 19 வயதான நான். நான் என்னதான் நியாயமாக நடந்தாலும், சத்தமாகக் கேட்கிறவனுக்குத்தான் தீர்ப்பு சாயும் என்று எனக்கே தெரியும். தங்கச்சியின் தாளைப் பிடுங்கிக்கொண்டு "என்னை நம்பு" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கொஞ்சம் விலகிப் போகிறேன். தம்பி தாளைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. ஏ.எல். படித்த எல்லாருக்கும் பழக்கமானது. பாஸ்ட் பேப்பரில் வந்ததா, புள்ளித்திட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் பார்வை. கெம்பஸுக்கு வந்த பிறகும் அது போகவில்லை. "உங்கட அபிப்பிராயத்த எழுதுங்க" என்று ஒரு ஒப்படை தந்தால், எங்களில் பாதிப் பேர் கேட்கிற முதல் கேள்வி, "எத்தின பொயின்ட் எழுதோணும்?" நானும் கேட்டவள்தான். பட்டியலுக்கு வெளியே கால் வைக்கப் பயப்படுவதை ஒரு விளையாட்டு எங்களுக்குப் பழக்கவில்லை. நாங்கள் பழகி வந்துதான் விளையாட உட்கார்ந்தோம். அதனால் "விதியைக் குறை, கற்பனை தானாக வரும்" என்ற பேச்சு எங்கட பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தாது. வெறும் தாளைக் கொடுத்தால் அவர்கள் வெறும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வழி கிடைத்தது ஜொனதன் ட்வீட் என்ற ஆளைப் பற்றி வாசித்தபோது. 1992இல் அவர் ஓவர் த எட்ஜ் என்ற விளையாட்டைச் செய்தார். அதில் திறன் பட்டியல் கிடையாது. உங்கள் பாத்திரம் யார், அதற்கு என்ன தெரியும், அதன் குறை என்ன என்று நீங்களே உங்கள் சொல்லில் எழுதலாம். எட்டு வருசம் கழித்து, 2000இல், டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பை வடிவமைத்தவர்களில் முதன்மையானவரும் இதே ஆள். அந்தப் பதிப்பு திறன் பட்டியலுக்கே பேர் போனது. ஒரே மனிதர் இரண்டையும் செய்திருக்கிறார் என்றால், இது நல்லது கெட்டது என்ற சண்டை இல்லை என்று எனக்குப் பட்டது. யார் எழுதுகிறார்கள், எவ்வளவு எழுதுகிறார்கள் என்பதுதான் விசயம்.

அடுத்த முறை எல்லாருடைய தாளையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு கொப்பித் தாள் கொடுத்தேன். "உங்கட ஆளுக்கு ஏலுமான மூணு விசயம் எழுதுங்க. தமிழில. ஒரு வரிக்கு மேல வேணாம்." தங்கச்சி எழுதினாள்: "ஆக்கள் பார்க்காத நேரம் அவளுக்குத் தெரியும்." சாச்சியின் மூத்தவன்: "மீன் ஏலம் கூறுவான்." மதிலுக்கு முன்னால் நின்றவன்: "கரைவலை இழுத்த கை." காக்கா, "எல்லாம் ஏலும்" என்று எழுதிக் கொண்டுவந்தான். நாலு பேரும் சேர்ந்து தள்ளுபடி செய்தோம். கடைசியில், "வாயால வெட்டுவான்" என்பதற்கு ஒத்துக்கொண்டான்.

தமிழ் என்பது சின்ன விசயம் இல்லை. முந்தைய தாளில் ஸ்னீக் அட்டாக், ஸ்டெல்த் என்று இருந்தவை அவர்களுக்குப் பாடப்புத்தகச் சொற்கள். அதற்கு எங்கேயோ சரியான விடை ஒன்று இருக்கிறது, தங்களுக்குத்தான் தெரியாது என்ற பயம். கரைவலை அப்படி இல்லை. கடற்கரையில் நின்று பார்த்தது. அதைப் பற்றி யாரும் அவனுக்குப் பிழை சொல்ல ஏலாது.

அந்த வாரம் காவல்காரனை வாசலில் இருந்து கிளப்ப வேண்டி வந்தது. மூத்தவன் தன் தாளைப் பார்த்தான். பிறகு எழும்பி நின்று, அந்தக் காவல்காரன் கழற்றி வைத்திருந்த செருப்பையே ஏலம் கூறத் தொடங்கினான். மீன் ஏலம் கூறுகிற அதே ராகத்தில். குசினிக்குள்ளிருந்து உம்மா, "இருநூறு!" என்று விலை கேட்டா. எந்த விதிப் புத்தகத்திலும் இப்படி ஒரு வரி இல்லை. ஆனால் "மீன் ஏலம் கூறுவான்" என்ற வரி இல்லாமலும் இது வந்திருக்காது. மூன்று சொல் அவன் கையில் இருந்தது, மிச்சத்தை அவன் தேடிப்போனான்.

எங்கட பக்கத்துக் கவிகளை நினைத்துப் பாருங்கள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் சேகரித்துப் புத்தகமாக்கியவற்றைப் புரட்டினால் தெரியும். நாலு வரி. மச்சான், மாமி, மகளே என்று பழகிய விளிப்பு. கடல், நிலவு, வயல் என்று திரும்பத் திரும்ப வரும் சாமான்கள். வயற்காவல் பரணில் இருந்து கவி பாடியவர்களுக்கு இதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்த திறன்தான். ஆனால் அது பாதிதான். முதல் பாதியை மரபு கொடுக்கும், இரண்டாவது பாதியை அந்த இடத்தில், அந்த ஆளுக்கு, எதுகை தப்பாமல் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் தாளில் நான் பார்த்த பெரும்பாலான திறன்கள் நாலு வரியும் எழுதி முடிந்த கவி மாதிரி. பின்னால் போய் அடித்தால் இத்தனை சேதம் அதிகம். நல்லது, பிறகு? பாடினவனுக்கு அதில் என்ன வேலை இருக்கிறது? அளவுக்கு மிஞ்சிய பட்டியல் என்பதைவிட, எழுதி முடிந்த பட்டியல் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

பாதி எழுதிய வரியிலும் சிக்கல் உண்டு. காக்கா, "வாயால வெட்டுவான்" என்ற வரியை வைத்துக்கொண்டு பூட்டைத் திறக்கப் பார்த்தான். பூட்டோடு பேசுவானாம். இதற்கு 2010இல் வின்சென்ட் பேக்கரும் மெகே பேக்கரும் செய்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற விளையாட்டில் ஒரு நல்ல வழி இருக்கிறது. இரண்டு தாயக்கட்டையின் கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் நினைத்தது நடக்கும். 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் நடத்துகிறவர் ஏதாவது சிக்கலைக் கொண்டுவருவார். 7 முதல் 9 வரை வந்தால் நடக்கும், ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். இந்த நடு எண்கள் அடிக்கடி வரும். நாங்கள் டின்னை மாற்றி, ஆறு ஆறு துண்டாக இரண்டு டின் வைத்தோம். அதற்குப் பிறகு நான் "ஏலா" என்று சொல்வது குறைந்துவிட்டது. "ஏலும், ஆனா..." என்று இழுத்தால் போதும், பாயில் எல்லாரும் நிமிர்ந்து இருப்பார்கள். காக்காவும் பூட்டை விட்டுவிட்டு விலையைப் பற்றி யோசிக்கத் தொடங்கினான்.

ஒரு விதியை மட்டும் நாங்கள் பாதியில் விடவில்லை.

ஒரு இரவு கதை கடற்கரையில் நடந்தது. ஏதாவது மர்மமாக இருக்கட்டும் என்று, "கடல் பின்னுக்குப் போகுது, நிலம் தெரியுது, மீனெல்லாம் துடிக்குது" என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் சொன்னது. 2004 டிசம்பர் 26இல் எனக்கு ஒரு வயது, எனக்கு ஞாபகம் என்று ஒன்றும் இல்லை. காக்காவுக்கு அஞ்சு வயது. அவன் கையை நீட்டி டின்னை மூடினான். "கடல எடு" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எந்தச் சபையிலும் பேச்சு நிற்காத ஆள் அவன்.

நான் கடலை எடுத்துவிட்டேன். மறுநாள் தங்கச்சி டின்னின் மூடியில் பேனாவால் எழுதி ஒட்டினாள்: கடல் ஊருக்குள்ள வராது. எங்கள் முதலாவது விதி அது. துண்டு எடுக்கிற வேலை இல்லை, விவாதம் இல்லை. அதற்குப் பிறகுதான் எங்கள் கதைகள் கடலுக்குப் போகத் தொடங்கியது. தோணி, புயல், கரை தெரியாத இரவு எல்லாம் காக்காதான் கொண்டுவந்தான். கடல் எதுவரைக்கும் வரும் என்று எழுதி இருந்ததால் அவனுக்கு அதற்குள் இறங்க முடிந்தது என்று நினைக்கிறேன். நான் அவனிடம் கேட்கவில்லை.

இப்போது லீவில் வரும்போதுதான் விளையாடுகிறோம். போன ஹஜ்ஜுப் பெருநாள் லீவுக்கு, மதிலுக்கு முன்னால் நின்ற தம்பி புதிய பாத்திரம் எழுதினான். முதல் வரி, இரண்டாம் வரி எழுதிவிட்டு மூன்றாவதை வெறுமையாக விட்டிருந்தான். "ஏன், யோசின வரல்லையா?" என்று கேட்டேன்.

"இல்ல ராத்தா, இரிக்கட்டும். எங்கயாச்சும் மாட்டுப்பட்டா அப்ப எழுதுறன்."

அதற்கு எங்களிடம் விதி இல்லை. காக்கா உடனே "அது கள்ளம்" என்றான், தங்கச்சி "எழுதக்கூடாதெண்டு எங்க எழுதி இரிக்கி?" என்றாள். பிறகு மூன்று பேரும் தீர்ப்புக்கு என்னைப் பார்த்தார்கள். நான் யோசித்துவிட்டு, ஏலும், ஆனா அந்த வரிய நீ எழுதாம தங்கச்சிதான் எழுதுவா என்றேன்.